அட்வென்ச்சர் பைக் செய்வோருக்கும் விற்போருக்கும் கிழக்கிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தார் வீதியிலும் கரடுமுரடான பாதையிலும் ஓடுகிற அட்வென்ச்சர், டுவல் ஸ்போர்ட் வகை மோட்டார் சைக்கிள்களை வரைகிற பொறியியலாளர்கள், அவற்றை இலங்கையில் இறக்கி விற்கிற முகவர்கள், அந்த முகவர்களின் சேர்விஸ் பிரிவுப் பொறுப்பாளர்கள்.

அன்புடையீர்,

எஞ்சினைப் பற்றி எங்களுக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கராச்சுகளின் பின்பக்கம் தூசி பிடித்து நிற்கிற உயரப் பைக்குகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அநேகமானவற்றில் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். கிறீஸ் காணாமல் இறுகிப்போன பேரிங், பச்சை பூத்த வயர் கப்ளர் (வயர்களை இணைக்கிற செருகி), றிம்முக்குள்ளே துருவேறிப் பொடிந்த நாலைந்து சில்லுக் கம்பி, இப்படி ஏதோ ஒன்றுதான் அதை நிறுத்தியிருக்கும். விலை குறைந்த சாமான்கள் விலை கூடிய பைக்கை மூலையில் தள்ளுகின்றன. அந்தச் சாமான்களைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் விளம்பரத்தில் பைக் மணல்மேட்டிலிருந்து பாய்கிறது. இங்கே அது பாய்வதில்லை. குருமண்வெளியில் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவைப் படகில்) ஏறி, வாவியின் உப்புத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க மண்டூர்ப் பக்கம் இறங்குகிறது. வயல் வரம்போடு முதலாம் கியரில் ஊர்கிறது. மாரியில் வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் வீதிக்கு மேலால் ஓடுகிற வெள்ளத்துக்குள் இறங்குகிறது. பானமையிலிருந்து உகந்தைக்குப் போகிற கிறவல் வீதியில் பள்ளத்துக்குப் பள்ளம் விழுகிறது. இரவு முழுக்கக் கடற்காற்றில் நிற்கிறது. வேகமும் உயரப் பாய்ச்சலும் இதில் எங்கேயும் இல்லை. ஈரம், உப்பு, சேறு, சுமை, வெயில் ஆகிய ஐந்தும்தான் இங்கே பைக்கைத் தின்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். புதுப் பைக் வராமல், இருந்ததையே உருட்டிப் பிரட்டி ஓட்டின வருடங்கள் அவை. எது நிலைக்கும், எது விழும் என்று பார்க்க இதைவிட நல்ல சோதனைக்கூடம் உங்களுக்குக் கிடைக்காது. வந்து பார்த்தவர் உங்களில் எவரும் இல்லை என்பது வேறு கதை.

முதலில் கிறீஸ். ஹாண்டில் கழுத்துப் பேரிங், பின் சில்லைத் தாங்குகிற ஸ்விங் ஆம் அசைகிற அச்சான பிவட், மோனோஷொக்கின் (பின்பக்க ஒற்றை ஷொக்கின்) கீழே அதை ஸ்விங் ஆமோடு இணைக்கிற லிங்க் ஆகிய மூன்று இடங்களையும் பல புதுப் பைக்குகளில் கழற்றிப் பார்த்தால், விரலால் தடவி விட்டது போல ஒரு மெல்லிய படைதான் இருக்கிறது. வரண்ட ஊருக்கு அது போதும். இங்கே முதல் மாரியிலேயே தண்ணீர் உள்ளே போய்க் கிறீஸைப் பால் நிறமாக்கிவிடும். பிறகு துருதான். லிங்கில் இருப்பவை ஊசி பேரிங்குகள். அவை முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, சில பாகை முன்னும் பின்னும் அசைவதோடு சரி. அதனால் உள்ளே இருக்கிற கிறீஸ் புதிதாகப் பரவுவதே இல்லை. தண்ணீர் தங்கிய இடத்தில் ஒவ்வொரு ஊசியும் தனக்கென்று ஒரு பள்ளம் தோண்டிக்கொள்ளும். பின்பக்கம் கட்டைபோல இறுகும். ஷொக் போய்விட்டது என்று நினைத்துப் புது ஷொக் வாங்கிப் போட்டும் அதே இறுக்கம் இருக்கிறதென்றால் குற்றவாளி லிங்க். ஷொக்கின் கீழ் போல்டைக் கழற்றிவிட்டு ஸ்விங் ஆமைக் கையால் தூக்கி இறக்கிப் பார்த்தால், ஷொக் வாங்கும் முன்பே இது தெரிந்துவிடும்.

கழுத்துப் பேரிங்குக்குச் சோதனை இதைவிட லேசு. முன் சில்லு நிலத்தில் படாமல் பைக்கைத் தூக்கி நிறுத்தி, ஹாண்டிலை இரண்டு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வருகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து நிற்பது போலத் தட்டுப்பட்டால் பேரிங் குழி விழுந்துவிட்டது. இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றுகிறபோது உருண்டை பேரிங்கை விட்டுக் கூம்பு உருளைப் பேரிங் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. தொழிற்சாலையிலேயே அதைப் போட்டு அனுப்பினால் என்ன?

எண்பதுகளில் வந்த பல யப்பான் பைக்குகளில் பிவட்டிலும் லிங்கிலும் கிறீஸ் நிப்பிள் (வெளியிலிருந்து கிறீஸ் ஏற்றுகிற சின்ன வாய்) இருந்தது. கிறீஸ் ஏற்றுகிற கருவியை அதில் வைத்து இரண்டு முறை அமத்தினால் பழையது பிதுங்கி வெளியே வரும், வேலை முடிந்தது. இப்போது அதே வேலைக்குப் பின்பக்கத்தை முழுதாக இறக்க வேண்டும், அரை நாள் போகும். ஆனையை விற்கிறவருக்கு அங்குசத்தில் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? வரைகிறவர்களிடம் நாங்கள் கேட்கிற முதல் மாற்றம் இதுதான்: நிப்பிளைத் திருப்பித் தாருங்கள்.

முகவர்களிடம் கேட்பது: பைக்கைக் கையளிக்க முன்பு இந்த மூன்று இடத்தையும் திறந்து நிரப்பித் தாருங்கள். சாதாரண மஞ்சள் கிறீஸ் வேண்டாம். மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்ட் எஞ்சினுக்குப் போடுகிற மரைன் கிறீஸ் தண்ணீரில் கழுவுப்படாது. வாழைச்சேனையிலும் கல்முனையிலும் படகுச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டால் தெரியும். ஸ்விங் ஆமின் நீளப் போல்டையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பூசிவிட்டுப் போடுங்கள். பல பைக்குகளில் அந்த இரும்புப் போல்ட் எஞ்சினின் அலுமினிய உடம்புக்குள்ளால் போகிறது. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் கூடி நின்றால் வெள்ளைப் பொடி கட்டி ஒன்றையொன்று விடாது. அப்படிப் பிடித்துவிட்டால் நட்டை நுனிவரை திருகி நுனியைக் காத்துக்கொண்டு, எண்ணெய் ஊறவிட்டு, சூடு காட்டித் தட்ட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் ஸ்விங் ஆமுக்கும் உடம்புக்கும் நடுவில் வாள் விட்டு அறுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இதோடு சேர்த்து உங்கள் சேர்விஸ் நிலையங்களுக்கு ஒரு சொல். அமுக்கத் தண்ணீர்க் குழாயைக் கழுத்துக்கும் சில்லு அச்சுக்கும் லிங்குக்கும் நேராகப் பிடிக்கிறார்கள். சேறு போகிறது உண்மைதான். சீலுக்குப் பின்னால் தண்ணீர் போகிறதும் உண்மை.

அடுத்தது வெள்ளம். எஞ்சின் காற்று எடுக்கிற வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை விபரப் பத்திரத்தில் எவரும் எழுதுவதில்லை. ஆசன உயரத்தை மில்லிமீற்றரில் தருகிற உங்களுக்கு இதையும் தரலாம். எங்களுக்கு அதுதான் அதிகம் தேவை. சில்லின் அச்சு மட்டத்துக்குத் தண்ணீர் என்றால் பெரும்பாலான பைக்குகள் போகும். அதற்கு மேல் எதுவரை என்பது அந்த வாயைப் பொறுத்தது.

காபரேற்றர் பைக்குகளில் ஒரு மர்மம் நெடுநாளாக ஆட்களை அலைக்கழிக்கிறது. காற்று வடிகட்டி காய்ந்திருக்கும், பிளக் காய்ந்திருக்கும், தண்ணீர் முழங்கால் மட்டத்தில்தான் இருக்கும், ஆனாலும் எஞ்சின் நடுவெள்ளத்தில் திக்கி நின்றுவிடும். காரணம் காபரேற்றரின் மூச்சுக் குழாய்கள். அவை கீழ்நோக்கித் தொங்குகின்றன. நுனி தண்ணீருக்குள் போனதும் பெற்றோல் நிற்கிற மிதவைக் கிண்ணத்துக்குள் காற்று வராது. காற்று வராவிட்டால் பெற்றோல் இறங்காது. பரிகாரம் ஒரு சின்ன மூவழி இணைப்பு: குழாயை இடையில் வெட்டி அதை மாட்டி, ஒரு கிளையை மேலே கொண்டுபோய் ஆசனத்துக்குக் கீழே விட்டால் சரி. மீன்தொட்டிக்குக் காற்று விடுகிற குழாயின் இணைப்பே போதும். இத்தனை வருடமாக இதைத் தொழிற்சாலையில் செய்யாமல் விட்டதற்கு எங்களுக்கு ஒரு காரணமும் புரியவில்லை.

சில்லு பேரிங் தண்ணீரில் போவதற்குக் காரணம் ஆழம் மட்டுமல்ல. ஓடி, பிரேக் பிடித்து, சூடாக வருகிற ஹப் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும். சுருங்குகிற காற்று சீலின் உதட்டுக்கால் தண்ணீரை இழுக்கும். இறங்கும் முன் சில நிமிடம் நிறுத்தி ஆறவிட்டால் பாதிச் சேதம் குறையும். ஆனால் இரட்டை உதட்டுச் சீல் போட வேண்டியது உங்கள் வேலை.

எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டால் செய்ய வேண்டியதைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். முதலாவது, ஸ்டார்ட்டரில் கை வைக்கவே கூடாது. தண்ணீர் அமுங்காது, அமத்தினால் பிஸ்டனைத் தாங்குகிற கொனெக்டிங் றொட் வளையும். பிளக்கைக் கழற்றி, காற்று வடிகட்டியை எடுத்து, காற்றுப்பெட்டியின் அடியில் இருக்கிற வடிகுழாயைத் திறந்துவிட்டு, பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். பிளக் துளையால் தண்ணீர் வருவது நிற்கும்வரை சுற்ற வேண்டும். ஒயில் பாலாகியிருந்தால் மாற்றி, சற்று நேரம் ஓடவிட்டு, இன்னொரு முறையும் மாற்ற வேண்டும். இரண்டாம் மாற்றத்தைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அடுத்த மாதம் கிளச்சைத் திறக்கிறார்கள்.

சில்லுகளுக்கு வருவோம். கம்பிச் சில்லு நல்லது, வார்ப்புச் (அலோய்) சில்லு கிறவல் பள்ளத்தில் விளிம்பு மடியும் அல்லது வெடிக்கும். கேடிஎம் 390 அட்வென்ச்சர் 2020இல் வார்ப்புச் சில்லோடு வந்தது; 2023இல் கம்பிச் சில்லும் வந்தபோது அந்தப் பைக்கை விரும்புகிறவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் நீங்கள் தருகிற கம்பி கடலோரத்துக்கு ஆகாது. மெல்லிய முலாம் பூசிய இரும்புக் கம்பியும் அதை றிம்மில் இறுக்குகிற அலுமினிய நிப்பிளும் சேர்ந்தால் ஓரிரு வருடத்தில் நிப்பிள் திரும்பாது, திருப்பினால் கம்பி முறியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் நிக்கல் பூசிய பித்தளை நிப்பிளும் போடுங்கள். விலை கூடும். கூட்டிக்கொள்ளுங்கள், தருவோம்.

கம்பியைத் தளரவிடாமல் வைத்திருப்பது சொந்தக்காரர் பொறுப்பு. ஸ்குறூட்றைவர் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனால் இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். தளர்ந்ததைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் இறுக்கக் கூடாது. முதல் 500 கிலோமீற்றரில் ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் பிறகு றிம் கோணுவதைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரியூப் உள்ள சில்லில் வால்வின் அடி நட்டை றிம்மோடு இறுக்காதீர்கள். மேலே வால்வு மூடியோடு சேர்த்து விட்டுவிடுங்கள். றிம்முக்குள் போன தண்ணீர் அந்தத் துளையால் வடியும். ரயர் வழுக்கினால் வால்வு சரிந்து காட்டிக்கொடுக்கும். வாகரை மணலில் காற்றைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் ரயரை றிம்மோடு பிடித்து வைக்கிற றிம் லொக் இல்லாத பைக்கில் காற்றமுக்கம் 18 இறாத்தலுக்கு (psi) கீழே போனால் ரயர் றிம்மில் சுற்றி வால்வை அடியோடு பிடுங்கும். 21 அங்குல ரியூப் கிழக்கில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஒன்றை வாங்கிக் கூடவே வைத்திருந்தால் அவசரத்துக்குப் பின் 18 அங்குலச் சில்லுக்குள்ளும் அதைச் செருகி ஊர் வந்து சேரலாம். கம்பிச் சில்லிலேயே ரியூப் இல்லாத ரயர் போடுவது இப்போது முடியாத காரியமல்ல. றோயல் என்பீல்ட் ஹிமாலயன் 450 2023இல் ரியூப்போடு வந்தது, 2024இல் இந்தியாவில் ரியூப் இல்லாத கம்பிச் சில்லும் கிடைத்தது. அந்தத் தெரிவு இலங்கைக்கும் வர வேண்டும். உடைமர முள் கொட்டிக் கிடக்கிற பாதைகளில் ரியூப் என்பது ஒரு தண்டனை.

செயின் பற்றி ஒரே ஒரு குறை. கையேட்டில் 30 முதல் 40 மில்லிமீற்றர் தொய்வு என்று ஒரு எண் போட்டு விட்டுவிடுகிறீர்கள். பின்பக்கம் நீளமாக அசைகிற பைக்கில் ஆள் ஏறியதும் அந்தத் தொய்வு மறைந்துவிடும். முன் பல்லுச்சில்லு, ஸ்விங் ஆம் பிவட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வருகிற நிலையில்தான் செயின் ஆக இறுக்கமாக இருக்கும். அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு மிஞ்ச வேண்டும். ஆளை ஏற்றி வைத்து அளக்காமல் நிறுத்தி வைத்து இறுக்கினால் கியர் பெட்டியின் வெளித்தண்டுப் பேரிங் உயிரை விடும். இதை ஒரு படமாகப் போட்டால் போதும்.

மின்சாரத்தில் எங்களை அதிகம் அலைக்கழிப்பது சைட் ஸ்டாண்ட் சுவிச். உடம்பிலேயே ஆகப் பதிந்த இடத்தில், சேறு நேராக அடிக்கிற இடத்தில் அதை வைத்திருக்கிறீர்கள். ஸ்டாண்ட் தூக்கி இருந்தும் கியர் போட்டதும் எஞ்சின் நின்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பற்றரி, பெற்றோல் பம்ப் என்று தேடிக் காசைக் கொட்டியவர்கள் நிறையப் பேர். பற்றரிக்குப் போகிற மின்சாரத்தைச் சீராக்குகிற ரெகுலேற்றரை முன் சில்லுக்குப் பின்னால் வைத்தால் சேறு அப்பி, சூடு போக வழியில்லாமல் எரியும். ஆசனத்துக்குக் கீழே மூடி வைத்தாலும் அதே கதை. காற்று படுகிற, சேறு படாத இடம் ஒன்றைத் தேடிக் கொடுங்கள். எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்குகிற ஸ்ரேற்றரிலிருந்து வருகிற மூன்று வயர்களின் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள்: ஓடி வந்ததும் கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பின் கருகிக்கொண்டிருக்கிறது. எல்லாக் கப்ளர்களுக்குள்ளும் ஈரம் புகாமல் தடுக்கிற டைஎலெக்ற்றிக் கிறீஸ் ஒரு பட்டாணி அளவு வைத்தால் பச்சை பூப்பது நிற்கும். ஒரு பைக்குக்கு ஒரு சின்னக் குழாயே போதும். இதையும் கையளிக்க முன் செய்யலாம்.

பாவிக்கிறவர் சொல்லைக் கேட்காததன் விலைக்குப் பழைய சாட்சி இரண்டு உண்டு. கவாசாகி கேஎல்ஆர் 650 1987இல் வந்தது. அதன் பலன்சர் (எஞ்சின் அதிர்வைக் குறைக்கிற பாகம்) செயினை இறுக்கி வைக்கிற சின்ன லிவர் முறிந்து துண்டு எஞ்சினுக்குள் விழும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்து லிவர் வேலை செய்யாது. சொந்தக்காரர்கள் ஒரே துண்டு எஃகில் மாற்று லிவர் செய்து போட்டுக்கொண்டார்கள். கம்பனி லிவரை மாற்றியது 2008இல். சுசுகி டிஆர் 650இன் இப்போதைய உருவம் 1996இலிருந்து வருகிறது. கிளச்சுக்குப் பின்னால் கியர் நியூட்றலில் இருப்பதைக் காட்டுகிற சுவிச்சைப் பிடித்திருக்கிற இரண்டு சின்ன ஸ்குறூக்கள் தானாகக் கழன்று உள்ளே விழக்கூடியவை. அந்தப் பைக் வைத்திருக்கிறவர்கள் கிளச்சைக் கழற்றி, தலையில் துளையிட்ட ஸ்குறூப் போட்டு, கம்பியால் இரண்டையும் பிணைத்துவிடுவார்கள். இரண்டு பைக்கும் உலகம் சுற்றியவர்கள் மதிக்கிற பைக். இரண்டிலும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெருவில் நிற்கிறவனுக்குத் தெரிந்திருந்தது.

சுமையைப் பற்றி உங்களோடு நேர்மையாகப் பேச வேண்டும். பின் றாக்கில் நீங்கள் ஒட்டுகிற ஸ்டிக்கரில் ஒற்றை இலக்கக் கிலோதான் இருக்கும். இங்கே அதில் யூரியாப் பை ஏறும். ஸ்டிக்கரை மதிக்காதது எங்கள் ஆட்களின் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் இரும்புப் பெட்டி மூன்றைக் கட்டி, இரண்டு பேரை ஏற்றி விளம்பரப் படம் எடுக்கிறவர் யார்? பின் சட்டத்தை முதன்மைச் சட்டத்தோடு வெல்ட் பண்ணினால் ஒரு வெடிப்புக்கு முழுச் சட்டமும் பழுது. போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரித் தந்தால் அதை மட்டும் மாற்றலாம். பெட்டி கட்டி ஓடுகிறவர்கள் ஆசனத்தின் கீழே வெல்ட் மூட்டுகளைத் துடைத்து, பெயின்ற் கோடாக வெடித்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

அறுவடைக் காலத்தில் எஞ்சின் காப்புத் தட்டுக்கும் சைலன்சர் குழாய்க்கும் இடையில் வைக்கோல் சேரும். கையால் எடுக்க முடியாத இடைவெளி. காய்ந்த வைக்கோலும் சூடான குழாயும் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் இல்லாத எதையும் கேட்கவில்லை. யமஹா ஏஜி 200 என்று பண்ணைக்காரருக்கென்றே செய்த பைக் ஒன்று எண்பதுகளிலிருந்து அவுஸ்திரேலியாவில் ஓடியது. செயினுக்கு முழு மூடி, மண்ணில் புதையாத அகலப் பாதத்தோடு இரண்டு பக்கமும் சைட் ஸ்டாண்ட், முன்னும் பின்னும் றாக், விழுந்தால் முறியாத லிவர்க் காப்பு. அதை யாரும் அட்வென்ச்சர் என்று கூப்பிடவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்றை இன்றைய எந்தக் கடையிலும் காட்ட முடியாது. 21 அங்குல முன் சில்லையும் வண்ணத் திரையையும் வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செயின் மூடியையும் அகலப் பாதத்தையும் மட்டும் தாருங்கள்.

கடைசியாக முகவர்களுக்கு. கையேட்டைத் தமிழில் அச்சிடுங்கள், ஓட்டுகிறவருக்கு உதவுகிற பக்கங்களையாவது. ஹோண்டா எக்ஸ்ஆர் 250 ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒயில் எஞ்சினின் அடியில் இல்லை, சட்டக் குழாய்க்குள் நிற்கிறது. இரவு முழுக்க நின்ற பைக்கில் ஒயில் கீழே வடிந்துவிடும், காலையில் குச்சியை எடுத்துப் பார்த்தால் வெறுமையாக இருக்கும். ஒயில் இல்லை என்று அரை லீற்றர் ஊற்றினால் அது மூச்சுக் குழாயால் காற்றுப்பெட்டிக்குள் வழியும். எஞ்சினைச் சூடாக்கி, சில நிமிடம் ஐட்லில் விட்டு, நிறுத்தியதும் பைக்கை நேராகப் பிடித்து, குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கையேட்டில் இது இருக்கிறது. வாசிக்கிறவர் யார்? அதேபோல யப்பான் பைக்கின் கூட்டல் குறித் தலை ஸ்குறூவுக்கு யப்பான் தர (JIS) ஸ்குறூட்றைவர்தான் சரியாக இருக்கும், சாதாரணமானது நழுவித் தலையைத் தின்னும். கருவிப் பையில் அப்படி ஒன்றைப் போட்டுத் தந்தால் எத்தனையோ காபரேற்றர்கள் பிழைக்கும்.

உதிரிப்பாகத்தில் பெரிய பட்டியல் வேண்டாம். கழுத்துப் பேரிங் கிற், லிங்க் பேரிங் கிற், சில்லு பேரிங்கும் சீலும், போர்க் ஒயில் சீலும் தூசிச் சீலும், கிளச் கேபிள், முன் பின் கம்பியும் நிப்பிளும், 21 அங்குல ரியூப், சைட் ஸ்டாண்ட் சுவிச், ரெகுலேற்றர், பெற்றோல் பம்ப் வடிகட்டி. விற்ற ஒவ்வொரு மாதிரிக்கும் இவை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு கடையில் எப்போதும் இருக்க வேண்டும். கொழும்புக்குச் சொல்லி அனுப்பி, அங்கிருந்து வெளிநாட்டுக்கு எழுதி, மாரி முடிந்த பிறகு வந்து சேருகிற சீல் எங்களுக்குத் தேவையில்லை. வடகீழ்ப் பருவமழைக்கு முன், ஒக்டோபர் மாதத்துக்குள், எந்தக் கடையில் எந்தச் சாமான் என்ன விலைக்கு இருக்கிறது என்று எழுதி உங்கள் காட்சியறைக் கதவில் ஒட்டுங்கள். புதுப் பைக் வாங்க வருகிறவர் விலைப் பத்திரத்தோடு அதையும் கேட்க வேண்டும் என்று நாங்கள் எங்கள் பக்கத்தில் சொல்லி வைக்கிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இந்த வகைப் பைக்குகளை வைத்திருப்போரும் அவற்றைத் திருத்துவோரும்